கேட்காமலே தள்ளுபடி!

கோர்ட்டில் ஒரு தாவா தோற்றால், ஏன் தோற்றது என்று தீர்ப்பில் எழுதியிருக்கும், அப்பீல் போகலாம். சாட்சியைக் கேட்காமல், பத்திரத்தைப் பிரித்துப் பாராமல், "வாதி ஆஜரில்லை, தாவா தள்ளுபடி" என்று ஒரே வரியில் முடிந்துபோகும் தாவாக்களின் கதி என்ன? குடியிருக்கும் மனைக்கட்டுக்காகவும், பாட்டன் உழுத அரை ஏக்கருக்காகவும் கோர்ட் படியேறிய ஏழைகள் பலருடைய வழக்கு இப்படித்தான் சாகிறது.

1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் இதற்குப் பல வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. கோர்ட் கட்டணத்தில் உள்ள குறையைக் குறித்த கெடுவுக்குள் கட்டாவிட்டால் பிராதே நிராகரிக்கப்படும். பேட்டா கட்டாததால் சம்மன் சார்வாகாவிட்டால் தள்ளுபடி செய்யலாம். பத்திரங்களைக் காட்டு என்ற உத்தரவை மீறினாலும் அதே கதி வரலாம். சம்மன் சார்வாகாமல் திரும்பிவிட்டால், புதிய சம்மனுக்கு மனுப்போட ஒரு மாதம் அவகாசம் இருந்தது. 1999ஆம் ஆண்டின் திருத்தம் அதை 7 நாளாகச் சுருக்கியது. அது 2002 ஜூலையில் அமலுக்கு வந்தது. தக்க காரணம் காட்டினால் கோர்ட் அவகாசம் தரலாம் என்பது உண்மை. ஆனால் சம்மன் திரும்பிய சேதியே வாதியின் காதுக்கு எட்டாதபோது, காரணம் காட்டப்போவது யார்?

மிராசுதாருக்கு வாய்தாவைக் கவனிக்கக் குமாஸ்தா இருக்கிறார். நடவுக் காலத்தில் கோர்ட்டுக்குப் போகும் விவசாயத் தொழிலாளிக்கு அன்றைய கூலி போச்சு, பஸ் செலவும் போச்சு. மில் தொழிலாளி லீவு கேட்டால் மேஸ்திரி முகத்தைச் சுளிக்கிறார். போன வாய்தாவில் நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர், இந்த வாய்தாவுக்கு "வக்கீல் பார்த்துக்கொள்வார்" என்று இருந்துவிடுகிறார். அன்றைக்குத்தான் வழக்கைக் கூப்பிடுகிறார்கள்.

விதியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இன்ஜங்ஷன் வாங்கி வைத்துக்கொண்டு வாய்தா மேல் வாய்தா கேட்டு ஏழையை அலைக்கழிக்கும் பணக்கார வாதிக்குக் கடிவாளம் வேண்டும்தான். ஆனால் சலுகை எந்தப் பக்கம் தாராளமாக இருக்கிறது? பிரதிவாதி 90 நாளுக்குள் பதிலுரை போடவேண்டும் என்று சட்டம் சொன்னது. தக்க காரணமிருந்தால் அந்தக் கெடுவைத் தாண்டியும் ஏற்கலாம் என்று 2005இல் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. அதே தாராளம் பேட்டா கட்டத் தவறிய வாதிக்கும் கிடைக்கவேண்டாமா?

1981இல் உச்சநீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. அலகாபாத் ஹைகோர்ட்டில் வக்கீல் ஆஜராகாததால் கட்சிக்காரரின் அப்பீல் தள்ளுபடியாயிருந்தது. வக்கீலை நம்பி ஒப்படைத்துவிட்டு ஊரில் இருக்கும் மனிதனை, அந்த வக்கீலின் தவறுக்காகத் தண்டிக்கக்கூடாது என்று நீதிபதி டி.ஏ. தேசாய் தீர்ப்பளித்தார். அப்பீலுக்கு மீண்டும் உயிர் வந்தது. செலவுத்தொகை 200 ரூபாயை வராத வக்கீலிடமே வசூலிக்க உத்தரவாயிற்று! ஆனால் உச்சநீதிமன்றம் வரை போக எத்தனை பேரால் முடியும்?

நமது வாசகர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரதிவாதி ஆஜராகி, வாதி வராமல் தள்ளுபடியான தாவாவை, அதே காரணத்துக்காகப் புதிதாகப் போட முடியாது. தள்ளுபடியை ரத்துசெய்யும்படி 30 நாளுக்குள் அதே கோர்ட்டில் மனுக் கொடுக்க வேண்டும். அந்த 30 நாள் தள்ளுபடியான தேதியிலிருந்தே ஓடுகிறது. உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து அல்ல. கெடு கடந்திருந்தால், தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனுவும் சேர்த்துப் போடலாம். மனு மறுக்கப்பட்டால் அப்பீல் உண்டு. வக்கீலிடம் வழக்கின் சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு எழுதிவைத்துக்கொண்டால், வாய்தா தேதியைக் கைபேசியிலேயே பார்க்கலாம்; வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சொல்வார்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. இது பிச்சையல்ல, உரிமை. வட்டச் சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள்.

உத்தரவை நிறைவேற்றவில்லை என்று ஒரு தாவாவைத் தள்ளுமுன், வக்கீலுக்கு மட்டுமின்றி வாதிக்கே நேரில் தமிழில் நோட்டீஸ் போகவேண்டும். 30 நாள் கெடு அந்தத் தள்ளுபடிச் சேதி வாதியின் கைக்கு எட்டிய தேதியிலிருந்து எண்ணப்பட வேண்டும். இதற்கேற்பச் சட்டத்தையும் விதிகளையும் திருத்த வேண்டுமென்று சர்க்காரையும் ஹைகோர்ட்டையும் கோருகிறோம்.