குட்டி தின்னும் கப்பி

கப்பி மீன் குட்டி போட நாம் மெனக்கெட வேண்டியதே இல்லை. ஆணும் பெண்ணும் ஒரே தண்ணீரில் இருந்தால் போதும். ஆண் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. கடையில் ஆண்களோடு கலந்து கிடந்த பெண் மீனைத் தனியாக வாங்கி வந்து வைத்தாலும், உடலுக்குள் சேமித்து வைத்திருக்கும் விந்தணுவைக் கொண்டு மாதம் ஒரு முறை என்று பல மாதங்களுக்கு ஈன்றுகொண்டே இருக்கும். சென்னையில் பல தெருக்களில் நாம் வாயில் வைக்கத் தயங்குகிற போர் தண்ணீர் இதற்கு அமிர்தம். உப்பும் சுண்ணாம்பும் உள்ள கடினத் தண்ணீரில்தான் கப்பி தெம்பாக இருக்கும். 24 முதல் 28 டிகிரி வெப்பம் போதும் என்பதால் ஹீட்டர் வாங்கச் சொல்லும் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்துவிடலாம். மெட்ரோ தண்ணீர் என்றால் மட்டும் ஒரு நாள் பக்கெட்டில் பிடித்து வைத்து, குளோரின் வாடை போன பிறகு ஊற்றுங்கள்.

வீட்டில் கலவரம் வெடிப்பது குட்டி பிறந்த பிறகுதான். எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்துச் சிறுமி ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அங்கிள், அம்மா மீனே குட்டியச் சாப்பிடுது!" பின்னாலேயே வந்த அவள் பாட்டி தீர்ப்பே சொல்லிவிட்டார்: "இதெல்லாம் பெத்த வயிறா?"

கப்பியின் பக்கமிருந்து பார்த்தால் இதில் குற்றமே இல்லை. நான்கு வாரம் வரை வயிற்றுக்குள் வைத்துக் காத்து, நீந்தத் தெரிந்த நிலையில் வெளியே விடுகிறது. அதோடு அதன் கடமை தீர்ந்தது. அதற்குப் பிறகு, அரை அங்குலம்கூட இல்லாத அந்த அசையும் துரும்பு அதன் கண்ணுக்குக் கொசுப்புழு மாதிரி ஒரு தீனிதான்.

இதைத் தடுக்க பிரீடர் பாக்ஸ் என்று ஒரு பிளாஸ்டிக் கூண்டு விற்கிறார்கள். நிறைமாதப் பெண்ணை அதில் அடைத்தால் குட்டிகள் பிளவு வழியாகக் கீழே விழுந்து தப்பிக்குமாம். எனக்கு அந்தக் கூண்டு ஆகாது. திரும்பக்கூட இடமில்லாத பெட்டியில் அடைபட்ட பெண் மிரண்டுபோய்ப் பல நேரம் குறைமாதத்திலேயே போட்டுவிடும். அதைவிடத் தொட்டியின் பாதியை ஜாவா பாசியால் அடைத்துவிடுவது மேல். பிறந்த குட்டி நேராக அதற்குள் பாய்ந்து ஒளிந்துகொள்ளும். வால் பக்கம் வயிற்றில் உள்ள கரும்புள்ளி பெரிதாகி, வயிறு பெட்டி போலச் சதுரமானால் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். அப்போது தாய்க்கு வயிறாரத் தீனி போட்டால் வேட்டையும் குறையும்.

குட்டிகளுக்கு முதல் சில வாரம் ஆர்டீமியா என்னும் பொடி உப்புநீர் இறாலை மிஞ்சிய உணவு கிடையாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு சுமார் 25 கிராம் கல்லுப்பு, ஒரு சிட்டிகை ஆர்டீமியா முட்டை, ஒரு பாட்டில், ஏர் பம்ப்பில் இருந்து ஒரு குழாய். நம் வெயிலுக்கு ஒரே நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தி, அடியில் டார்ச் அடித்தால் பொரிந்தவை வெளிச்சத்துக்கு வந்து சேரும். ஓடு மேலே மிதக்கும். ஓட்டை விட்டுவிட்டு அடியில் உள்ளதை மட்டும் உறிஞ்சி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசிப் போட வேண்டும். அவித்த மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றுகிறவர்களும் உண்டு. குட்டி தின்றதை விடத் தண்ணீரைக் கெடுத்ததுதான் அதிகமாக இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை தீனி, மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றம். இவ்வளவுதான் வித்தை.

பாட்டியின் கேள்விக்குப் பதில் டிரினிடாட் தீவின் ஓடைகளில் இருக்கிறது. கப்பியின் சொந்த ஊர்களில் அதுவும் ஒன்று. அங்கே அருவிக்குக் கீழே உள்ள குட்டைகளில் பெரிய கப்பிகளையே விழுங்கும் வேட்டை மீன்கள் உண்டு. அருவிக்கு மேலே அவற்றால் ஏற முடியாது. கீழே வாழும் கப்பி சீக்கிரமே பருவத்துக்கு வந்து, சிறிய குட்டிகளாக நிறையப் போடுகிறது. மேலே உள்ளது தாமதித்து, குறைவாக, பெரிய குட்டிகளாகப் போடுகிறது. உயிரியலாளர் ஜான் எண்ட்லர் கீழ்க்குட்டை மீன்களை 1976இல் மேலே உள்ள ஓர் ஓடையில் கொண்டுபோய் விட்டார். 11 ஆண்டுகள் கழித்து டேவிட் ரெஸ்னிக் குழுவினர் பார்த்தபோது, அந்த மீன்களின் சந்ததி மேலோடைக்காரர்களின் வழக்கத்துக்கே மாறியிருந்தது. நிறமும் அப்படியே. வேட்டை மீன் உள்ள இடத்தில் ஆண் மங்கலாக இருக்கும். பயமில்லாத இடத்தில் பெண்ணின் கண்ணைப் பறிக்கப் புள்ளியும் பொலிவுமாக அலங்கரித்துக்கொள்ளும்.

அந்த ஓடைகளில் கழிப்பது வேட்டை மீனின் வேலை; நம் வீட்டுத் தொட்டியில் அது இல்லை. ஒவ்வொரு குட்டியையும் வலை போட்டுக் காப்பாற்றினால் வளைந்த முதுகும் மடங்கிய வாலும் உள்ளவையும் வளர்ந்து ஆளாகும். மூன்று மாதத்துக்குள் அண்ணனும் தங்கையும் ஜோடி சேரும். சில தலைமுறையில், காசு கொடுத்து வாங்கிய டக்சிடோ ரகமும் கோப்ரா ரகமும் ஒன்றாய்க் கலந்து, பெயர் சொல்ல முடியாத ஒரு சாம்பல் கூட்டம் மிஞ்சும். ஆகவே பாசிக்குள் ஓடி ஒளியத் தெரியாததைத் தாய் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது என் கட்சி. அந்தத் தொட்டியில் மிச்சமிருக்கும் ஒரே கட்டுப்பாடு அவள் வாய்தான்.

ஆனால் அவளுக்கு நிறம் பார்த்துத் தின்னத் தெரியாது. அந்த வேலை நம்முடையது. மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஆணின் குதத் துடுப்பு குச்சி போல மெலியத் தொடங்கும். அப்போதே ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட வேண்டும். தள்ளிப் போட்டால் பிரித்துப் பயனில்லாமல் போகலாம். டென்மார்க்கில் உயிரியலாளர் யோகன்னஸ் ஷ்மிட் 1920இலும், அவருக்குப் பின் ஓய்விண்ட் விங்கேவும் காட்டியபடி, கப்பியின் சில நிறங்கள் ஒய் குரோமோசோம் வழியாக அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகின்றன. எல்லா நிறமும் அப்படியல்ல. மற்றவற்றைத் தாய் தன் மங்கலான உடம்புக்குள் மறைத்து வைத்திருப்பாள். இருந்தும் நம்மவர்கள் ஆணை மட்டும் அரை மணி நேரம் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, "ஏதாவது ஒரு பெண் போடுங்க" என்பார்கள்.

கொளத்தூரில் எனக்குப் பழக்கமான பண்ணைக்காரர் அதற்கு நேர்மாறு. "ஆணை யார் வேணாலும் தருவாங்க சார். பொண்ணு எந்தத் தொட்டியிலேர்ந்து வந்துதுன்னு கேளுங்க. அதச் சொல்ல மாட்டேன்றவன்கிட்ட வாங்காதீங்க" என்பார். அவருடைய நல்ல பெண்கள் கடைப் பக்கமே வருவதில்லை. பின்கட்டுச் சிமென்ட் தொட்டியிலேயே இருக்கின்றன.

கழித்த மீன்களைத் தூக்கி ரெட்டேரியிலோ கோயில் குளத்திலோ விடுகிறார்கள், புண்ணியம் என்று. கொசு ஒழிப்புக்கு அரசாங்கமே கப்பியை விடுகிறதே என்று வாதமும் உண்டு. சுகாதாரத் துறை கிணற்றிலும் தொட்டியிலும் விடுவது வேறு, நாம் ஏரியில் கொட்டுவது வேறு. ஒரு பெண் போனாலே ஒரு குடும்பம் போன மாதிரி. அங்கே உள்ள நம் நாட்டுச் சிறுமீன்களின் இரையையும் குஞ்சையும் அது விட்டுவைக்காது. கீழ்த்தளத்துப் பாட்டியிடம் மொட்டை மாடியில் ஒரு அல்லித் தொட்டி இருக்கிறது, கொசுத் தொல்லையும் இருக்கிறது. என்னிடம் மிஞ்சும் ஆண்களை மட்டும் அங்கே அனுப்புகிறேன். ஆண்களாகவே விடுவதால் கூட்டம் பெருகாது, குட்டியைத் தின்றதற்காகப் பாட்டியிடம் திட்டு வாங்கவும் வேண்டியதில்லை.