மூளை தானமும் ஊருக்குச் செல்லும் சரீரமும்



மாதேஸ்வரன் மலைப்பக்கத்திலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூரு வந்து குடியேறிய குடும்பத்தில் ஒருவர் மரித்தால், சரீரத்தைச் சொந்த மண்ணில் அடக்கம்பண்ணவே வீட்டார் விரும்புவர். கொள்ளேகால், ஹனூர் வழியாய் ஏறத்தாழ 210 கிலோமீட்டர். வண்டி பேசி முடிப்பதற்குள் பல மணி நேரம் கழிந்துவிடும். அவ்வேளையில் மூளை தானம் என்று ஒருவர் வாய் திறந்தால் யார் செவிகொடுப்பார்? ஆகையால்தான் இப்போதே எழுதுகிறேன்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் மனித மூளைத் திசு வங்கி 1995-ல் தொடங்கப்பட்டது. மருத்துவர் எஸ்.கே. சங்கர் அதற்கு முன்னின்றார். கண்ணைப்போல மூளையை வேறொருவருக்குப் பொருத்த இயலாது. ஆராய்ச்சிக்கே அது பயன்படும். ஒரு பகுதி ஃபார்மலினில் பதப்படுத்தப்படும். மற்றொரு பகுதி கடுங்குளிரில் உறையவைக்கப்படும். 1906-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் மரித்த ஆகஸ்தே டெட்டர் என்ற அம்மையாரின் மூளை, மியூனிக் நகரிலிருந்த மருத்துவர் அல்சைமருக்கு அனுப்பப்பட்டது. மறதி நோயின் அடையாளங்களை அவர் அதிலேதான் கண்டார். நோயுற்றோரின் மூளையோடு ஒப்பிட்டுப் பார்க்க, நோயற்றோரின் மூளையும் தேவை. இதை நம்மில் அநேகர் அறியார்.

குறைவுபட்ட சரீரம் உயிர்த்தெழுதலில் எப்படி எழும்பும் என்று விசுவாசிகள் கேட்பதுண்டு. கடலில் மாண்டவரையும், தீக்கிரையான இரத்தசாட்சிகளையும் எழுப்ப வல்லவருக்கு இது தடையாகுமோ? யாக்கோபின் சரீரத்தை எகிப்தின் வைத்தியர்கள் நாற்பது நாள் பதப்படுத்திய பின்னரே குமாரர்கள் கானானுக்குக் கொண்டுபோயினர்.

முழு உடல் தானம் வேறு, இது வேறு. தலையின் பின்புறத் தோலைத் திறந்து, மூளையை எடுத்துத் தைத்துவிடுவர். முகம் மாறாது, சரீரம் வீட்டாரிடமே திரும்பும். ஆனால் நேரம் செல்லச்செல்லத் திசு சிதையும். நகரில் மரித்தவருக்கு இது கூடிய காரியம். மலையிலேயே மரித்தவரைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து, மறுபடியும் மலையேற்றும்படி எந்தக் குடும்பத்தையும் நான் வற்புறுத்தமாட்டேன்.

விருப்பமுள்ளவர் அதை மனைவி மக்களிடம் சொல்லி வைப்பாராக. முன்னமே எழுதிக் கொடுத்திருந்தாலும், மரணவேளையில் நெருங்கிய உறவினரின் சம்மதம் கேட்கப்படும். மருத்துவரின் மரணச் சான்றும் சிகிச்சைக் காகிதங்களும் கையில் இருக்கட்டும். முதலில் வங்கிக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள். ஊருக்குப் போகும் வண்டியை அதன்பின் பேசலாம்.