விமர்சனத்துக்கு எத்தனை மார்க்?



நம் ரவாங்கில் உருவான பெரோடுவா கியூவி-இ மின்சாரக் கார் 2025 டிசம்பரில் அறிமுகமானது. ஒரு பத்திரிகை தலையில் தூக்கி வைத்து ஆடியது. மற்றொன்று மண்ணை வாரித் தூற்றியது. என் பழைய மாணவன் இரண்டையும் கத்தரித்துக் கொண்டுவந்து, "எதை சார் நம்புறது?" என்றான்.

முதலில் விலையைப் பார்த்தோம். 80,000 வெள்ளி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அது பேட்டரி இல்லாத விலை! பேட்டரிக்கு மாதம் 275 வெள்ளி வாடகை, ஒன்பது ஆண்டுகளுக்கு. பெருக்கிப் பாருங்கள், 29,700 வெள்ளி. இதைக் கடைசி வரியில் ஒளித்தவருக்கு நான் மார்க் போடமாட்டேன். 'ஏமாற்று வேலை' என்று திட்டியவரும் நியாயஸ்தர் அல்லர். வாடகைப் பேட்டரி பழுதானால் பொறுப்பு யாருடையது என்று அவர் விசாரிக்கவே இல்லையே!

அடுத்தது தூரம். 445 கிலோமீட்டர் என்பது என்இடிசி என்னும் பழைய சோதனைக் கணக்கு. ஐரோப்பாவில் 2017 முதல் அதைவிடக் கடுமையான டபிள்யூஎல்டிபி வந்துவிட்டது. அந்தக் கணக்கில் அளந்த வேறொரு காரோடு இதை ஒப்பிடலாமா? ஒரு பிள்ளைக்குச் சுலபமான தாள், இன்னொரு பிள்ளைக்குக் கடினமான தாள் கொடுத்த கதைதான்.

ஓட்டிப் பார்க்கக் காரை இரவல் தந்தது யார் என்பதையும் எழுதவேண்டும். (பெற்றோர் டுரியான் கொடுத்தனுப்பிய வீட்டில் திருத்திய தாளை நம்புவீர்களா?)

"எழுதியவர் தம் வீட்டு வாசலிலேயே சார்ஜ் செய்கிறார். நாலாவது மாடியில் இருக்கும் நீ ராத்திரி எங்கே செய்வாய்?" என்றேன்.

பையன் காகிதங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.