புரை ஏறினால் யாரோ நினைக்கிறாங்களா?

தருவைகுளம்,

சோறு தின்னும்போது புரை ஏறினால், "யாரோ உன்னை நினைக்கிறாங்க" என்று தலையில் தட்டுவது நம்ம ஊர் வழக்கம். முதியோர் இல்லத்துத் தாத்தாவுக்கு மூன்று வேளையும் புரை ஏறுகிறதே, அவரை யார் நினைக்கிறார்கள்?

அது நினைப்பு அல்ல அய்யா, நோய்!

பக்கவாதம், நடுக்குவாதம், மறதி நோய் வந்தவர்களுக்குத் தொண்டைத் தசை தளர்ந்துவிடும். குடிக்கிற காபி உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாயில் இறங்கும். நுரையீரலில் சளி கட்டி நிமோனியா வரும். ஆள் போன பிறகு, "வயசாச்சு, போயிட்டார்" என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். குற்றச் செய்தி எழுதிப் பழகிய எனக்கு, இது விசாரிக்க வேண்டிய சாவாகவே படுகிறது.

தடுக்க வழி உண்டு. செலவும் அதிகமில்லை.

ஜப்பான் முதியோர் இல்லங்களில் சாப்பாட்டுக்கு முன் "பா, தா, கா, ரா" என்று சத்தமாகச் சொல்லவைக்கிறார்கள். "பா" உதட்டுக்கு, "தா" நாக்கு நுனிக்கு, "கா" அடிநாக்குக்கு, "ரா" நாக்கை மடக்க. நாலே எழுத்து, ஐந்தே நிமிஷம்!

வாய்ச் சுத்தமும் முக்கியம். அந்த நாட்டில் 11 இல்லங்களில் 2 வருஷம் நடந்த ஆய்வு 1999-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. சாப்பிட்டதும் பல் துலக்கிவிடப்பட்டவர்களில் 100-க்கு 11 பேருக்கு நிமோனியா வந்தது. அப்படிக் கவனிக்காதவர்களில் 19 பேருக்கு!

இன்னொரு பயிற்சி நம்ம கரைக்காரர்களுக்குப் புதுசே இல்லை. மூச்சை இழுத்து அடக்கு, விழுங்கு, உடனே இருமு. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மூச்சடக்க அவர்களுக்கா சொல்லித்தர வேண்டும்? ஆனால் இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது.

படுக்கவைத்து ஊட்டுவதை முதலில் நிறுத்துங்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னக் கரண்டியால் கொடுங்கள். சாப்பிட்டபின் அரைமணி உட்காரட்டும். வெறும் தண்ணீர்தான் கெட்டிக் கஞ்சியைவிடச் சீக்கிரம் மூச்சுக்குழாய்க்குள் ஓடும். சாப்பிட்டதும் குரல் கரகரவென்று நனைந்த மாதிரி கேட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

"ஆள் பத்தாது, நேரமில்லை" என்று இல்லம் நடத்துகிறவர்கள் சொல்லலாம். ஐந்து நிமிஷம்கூடவா இல்லை?

2021 ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீடு தேடி வருகிறார். கை, காலோடு தொண்டையையும் பார்க்கச் சொல்லி, எல்லா இல்லத்துக்கும் அனுப்ப வேண்டும். இல்லங்களைச் சோதிக்கப் போகும் அதிகாரிகள் கட்டிலை மட்டும் எண்ணாமல், சாப்பாட்டு வேளையில் போய் நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மக்ரூன் பெட்டியோடு பார்க்கப் போகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அந்தத் தூள் தொண்டையில் மாட்டும். பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து "பா, தா, கா, ரா" சொல்லிக்கொடுங்கள்.

அதிகாரிகள் கவனிப்பார்களா?