போனைப் பட்டென்று வைப்பது மரியாதைக் குறைவு அல்ல!

"தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தால் எடுக்காதீர்கள்."

போன் மோசடி பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் உதிர்க்கும் முத்து இதுதான். போலீஸ் நோட்டீஸில் இருக்கும், வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியில் இருக்கும், வாட்ஸப்பில் மாமா அனுப்பும் குட்மார்னிங் படத்துக்குக் கீழேயும் இருக்கும். இந்த அறிவுரையைக் கொடைக்கானலில் போய்ச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள்.

மூஞ்சிக்கல்லில் டாக்சி ஓட்டுகிறவருக்கு வரும் போனில் முக்கால்வாசி தெரியாத நம்பர்தான். நாயுடுபுரத்திலும் வில்பட்டிப் பக்கமும் காட்டேஜ் வைத்திருப்பவருக்கு, தெரியாத நம்பர் என்றால் ஏப்ரல், மே மாத வருமானம். பூம்பாறையில் பூண்டு போட்டவரை வடுகபட்டி சந்தையில் இருந்து ஒரு புது வியாபாரி கூப்பிட்டால் அதுவும் தெரியாத நம்பர். ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர், வீட்டில் செய்த சாக்லேட்டை கூரியரில் அனுப்புகிறவர், எல்லோருக்கும் அதே கதை. ஒரு ஊரே முன்பின் தெரியாதவர்களின் போனை எடுத்துத்தான் பிழைக்கிறது. எடுக்காதே என்றால் கடையை மூடு என்று அர்த்தம்!

ஆக, அந்த அறிவுரை வேலைக்கு ஆகாது. போனை எடுப்பதில் தப்பே இல்லை. எடுத்த பிறகு யார் யாருக்குத் தன்னை நிரூபிக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் தலைகீழாகக் கிடக்கிறது.

ஐந்து ரூபாய் தூண்டில்

காட்டேஜ்காரர்களைக் குறிவைக்கும் ஒரு பழைய வித்தையைப் பார்ப்போம். இந்தியா முழுக்க ஓட்டல், கடை, லாட்ஜ் எல்லாவற்றிலும் அரங்கேறியது இது.

ஒருவன் கூப்பிடுவான். ராணுவ அதிகாரி என்பான். 10 ரூம் வேண்டும், மூன்று நாள், வாடகையில் பேரமே கிடையாது. ரூம் போட்டோ கேட்பான், பதிலுக்கு சீருடையில் ஒரு போட்டோவும் அடையாள அட்டையும் அனுப்புவான். அப்புறம் வரும் பாருங்கள் விஷயம்: "எங்க ரூல்படி அட்வான்ஸ் இந்த கியூஆர் கோடு வழியாத்தான் வரும் சார். முதல்ல அஞ்சு ரூபா போட்டுப் பாருங்க, பத்தா திரும்பி வரும்." போட்டால், வரும்! அதுதான் தூண்டில். அடுத்த கோடில் தொகை ஆயிரக்கணக்கில் இருக்கும். திரும்பி வராது.

இதை முறிக்க ஒரே ஒரு வரி போதும். யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் போடத் தேவையே இல்லை. பின் கேட்டது என்றாலே பணம் உங்கள் கணக்கில் இருந்து வெளியே போகிறது. இந்த ஒரு வரியை ரிசப்ஷன் மேஜையில் எழுதி ஒட்டினால் மோசடிக்காரனின் அரை மணி நேரப் பேச்சும் வீண்.

எதிர்த்திசையிலும் இதே கூத்துதான். மலையேற வரும் குடும்பம் சீசன் நேரத்தில் ரூம் கிடைக்காமல் தவிக்கும். இணையத்தில் அழகான காட்டேஜ் படம், ஒரு செல் நம்பர். "இன்னும் ஒரே ஒரு ரூம்தான் சார், பாதி அட்வான்ஸ் போட்டா பிடிச்சு வைக்கிறேன்" என்பான். போட்டுவிட்டு மலையேறி வந்து பார்த்தால் அந்தப் பெயரில் காட்டேஜே இருக்காது. அல்லது இருக்கும், ஆனால் அந்த நம்பர் அவர்களுடையதாக இருக்காது. போதாக்குறைக்கு இ-பாஸ் வேறு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. அரசு இணையதளத்தில் கட்டணமே இல்லாமல் எடுக்க வேண்டியது அது. "பாஸ் எடுத்துத் தர்றேன், இவ்வளவு அனுப்புங்க" என்று எவனாவது போனில் சொன்னால், அங்கேயே புரிந்துவிட வேண்டும்.

"படிச்சவங்க இப்படி ஏமாறலாமா?"

ஏமாந்தவர் வாயைத் திறந்தாலே ஊர் கேட்கும் கேள்வி இது. திருடனை விட்டுவிட்டு பறிகொடுத்தவரை விசாரிக்கும் இந்த வழக்கம் இருக்கிறதே, மோசடிக்காரனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு கிடையாது. அவமானத்துக்குப் பயந்து ஆள் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருப்பார். பணம் நான்கு மாநிலம் தாண்டிவிடும்.

எஸ்.பி.ஓஸ்வால் யார் தெரியுமா? வர்தமான் என்ற மாபெரும் ஜவுளிக் குழுமத்தின் தலைவர், பத்மபூஷண் வாங்கியவர். 2024 ஆகஸ்டில், 82 வயதில், அவரிடம் 7 கோடி ரூபாய் பறித்தார்கள். வீடியோ காலில் உச்ச நீதிமன்றத்தையே செட் போட்டு, தலைமை நீதிபதி போல ஒருவனை உட்கார வைத்து "விசாரணை" நடத்தினார்கள். நூற்றுக்கணக்கான அதிகாரிகளை வைத்து கம்பெனி நடத்தியவர் அவர். படிப்பு குறைவா, புத்தி குறைவா?

இரண்டும் இல்லை. இந்த வித்தை புத்தியோடு மோதுவதே இல்லை. பயம், அவசரம், ரகசியம் என்ற மூன்றும்தான் அதன் கருவிகள். "உங்க பேர்ல கேஸ்" என்பது பயம். "இப்பவே" என்பது அவசரம். "வீட்டுல யாருக்கும் சொல்லாதீங்க" என்பது ரகசியம். மூன்றும் ஒரே போனில் சேர்ந்து வந்தால் எதிர்முனையில் இருப்பவன் திருடன். இதற்குமேல் ஆராய்ச்சியே தேவையில்லை. டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒரு கைது இந்தியச் சட்டத்தில் எங்குமே கிடையாது. எந்தப் போலீசும் வீடியோ காலில் ஆளைப் பூட்டி வைக்க முடியாது.

2024இல் மட்டும் இந்தியர்கள் சைபர் மோசடிகளில் இழந்ததாகப் பதிவான தொகை சுமார் 22,845 கோடி ரூபாய். 2023இல் அது சுமார் 7,465 கோடி. இது உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு! ஒரே வருஷத்தில் இந்திய மக்கள் எல்லோரும் மூன்று மடங்கு முட்டாளாகிவிட்டார்களா என்ன?

திருடனுக்குப் பாதை போட்டவர்கள்

இனிமேல்தான் பலருக்குப் பிடிக்காத பகுதி. மோசடிக்காரன் வேறு, லோன் வேண்டுமா என்று நாளைக்கு நாலு முறை கூப்பிடும் டெலிமார்க்கெட்டிங் வேறு, முன்னது குற்றம், பின்னது வெறும் தொல்லை என்று ஒரு கருத்து உண்டு. தப்பு. மோசடிக்காரன் நடந்து வரும் பாதையைப் போட்டதே இந்த "வெறும் தொல்லை"தான்.

யோசித்துப் பாருங்கள். வங்கியில் இருந்து என்று சொல்லி ஏதோ ஒரு பத்து இலக்க செல் நம்பரில் இருந்து கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டவரே கேட்கிறார்: "வெரிஃபிகேஷனுக்காக உங்க பிறந்த தேதி சொல்லுங்க." கதவைத் தட்டியவன், வீட்டுக்காரனிடம் அடையாள அட்டை கேட்கிற கதை! இருபது வருஷமாக இப்படிக் கேட்டுக் கேட்டு, கூப்பிடுகிறவன் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று ஜனங்களைப் பழக்கிவிட்டார்கள். மோசடிக்காரன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பழக்கிய மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறான், அவ்வளவுதான்.

தடுக்கச் சட்டம் இல்லையா என்றால், ஏராளமாக இருக்கிறது. 2007இல் டிராய் "கூப்பிடாதே" பதிவேடு கொண்டு வந்தது. தொல்லை குறையவில்லை. 2010 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி எதிர்க்கட்சித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது அவர் செல்போன் அடித்தது. எடுத்தால், வீட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்டார்கள்! (சிரிக்காதீர்கள், நிஜமாக நடந்தது.) அன்றைய தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ.ராசா உடனே நடவடிக்கைக்குச் சொன்னார். அந்த டிசம்பரிலேயே புது விதிமுறை, 2011 செப்டம்பரில் அமல். சாதாரண ஜனங்கள் வருஷக்கணக்கில் கத்தியபோது அசையாதது, மந்திரிக்கு ஒரு போன் வந்ததும் அசைந்தது. கொடுமை! அப்புறம் 2018இல் இன்னொரு விதிமுறை, 2025 பிப்ரவரியில் அதற்கொரு திருத்தம். விளம்பர அழைப்பு 140 என்று தொடங்கும் எண்ணில், வங்கி போன்றவற்றின் சேவை அழைப்பு 1600 என்று தொடங்கும் எண்ணில் வர வேண்டும் என்று பிரித்தார்கள். வங்கிகள் 2026 ஜனவரி 1க்குள் 1600க்கு மாற வேண்டும் என்று 2025 நவம்பரில் உத்தரவு வந்தது.

2007க்கும் 2026க்கும் இடையில் 19 வருஷம். முதல் பதிவேடு வந்த வருஷம் பிறந்த குழந்தை இப்போது கல்லூரியில் படிக்கிறது.

செய்ய முடியாத வேலை என்றும் சொல்ல முடியாது. வெளிநாட்டில் இருந்து இந்திய நம்பர் போல வேஷம் போட்டு வரும் அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். முதல் 24 மணி நேரத்திலேயே சுமார் 1.35 கோடி அழைப்புகள் தடுக்கப்பட்டதாக அரசே சொன்னது. அப்படியென்றால் அதற்கு முந்தைய நாள் வரைக்கும்?

"பாவம், அந்தப் பொண்ணும் பொழைக்கணும்ல?"

நியாயமான கேள்வி. சென்னையிலோ கோவையிலோ ஒரு அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு டார்கெட்டுக்காகத் தொண்டை வறளப் பேசும் பெண் மீது கோபப்படுவதில் அர்த்தமில்லை. அவரைத் திட்டுவது வீரமும் இல்லை. ஆனால் அவருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை ஒரே வாக்கியம்தான்: "வேண்டாங்க, வைக்கிறேன்." அவர் பதில் சொல்லி முடிக்கும் வரை காத்திருப்பது மரியாதை இல்லை, இரண்டு பேருக்கும் நேர விரயம். அதன்பிறகு 1909க்குப் புகார். அந்தப் புகார் போவது அவர் மேல் அல்ல, அந்த நம்பரை வைத்துத் தொழில் செய்யும் கம்பெனி மேல்.

2025 திருத்தத்துக்குப் பிறகு டிஎன்டியில் பதியாதவர்களும் புகார் செய்யலாம். அழைப்பு வந்த 7 நாளுக்குள் செய்ய வேண்டும். பதிவு செய்யாத விளம்பரதாரர் மீது 10 நாளில் 5 புகார் சேர்ந்தாலே நடவடிக்கைக்குப் போதும். ஐந்து பேர் என்பது ஒரு ஹாஸ்டல் ரூம் :)

வீட்டில் பெரியவர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் போனை வைப்பது பாவம் என்று நினைக்கிற தலைமுறை அது. அவர்களின் பண்பாடுதான் மோசடிக்காரனின் மூலதனம். வீட்டுக்குள் செருப்போடு நுழைகிறவனுக்கு யாரும் காபி கொடுப்பதில்லை. போனுக்கும் அதே நியாயம்தான்.

சுருக்கமாக, என்ன செய்வது?

1. கூப்பிட்டவன் கேட்கும் எதற்கும் பதில் இல்லை. வைத்துவிட்டு, பாஸ்புக்கிலோ கார்டின் பின்புறமோ உள்ள நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். நிஜ வங்கி கோபித்துக்கொள்ளாது.

2. ஓடிபி, பின் நம்பர், திரையைப் பகிரும் ஆப் ஆகிய மூன்றில் எதைக் கேட்டாலும் பேச்சு முடிந்தது.

3. ரூம் அட்வான்ஸ் போடும் முன் காட்டேஜ் பெயரை வரைபடத்தில் தேடி, அங்கே கிடைக்கும் நம்பருக்கும் ஒருமுறை பேசுங்கள். வீடியோ காலில் வாசலைக் காட்டச் சொல்லுங்கள். நிஜக்காரர் காட்டுவார்.

4. பணம் போய்விட்டதா? உடனே 1930. கொடைக்கானலில் இருந்து மலையிறங்கி வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் போக 3 மணி நேரம் ஆகும். நேரில்தான் புகார் கொடுப்பேன் என்று பஸ்ஸுக்கு நின்றால் பணம் கை மாறிவிடும். முதலில் போன், அப்புறம் பஸ்.

5. பணம் போகவில்லை, முயற்சி மட்டும்தான் என்றால், சஞ்சார் சாத்தி தளத்தில் "சக்ஷு" பகுதியில் அந்த நம்பரைப் பதியுங்கள். அடுத்தவர் தப்பிப்பார்.

கல்லூரி வாசலில் நிற்கும் திருடன்

மோசடிக்காரன் எங்கோ ஜம்தாராவில் இருக்கிறான், மியான்மரில் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வது வசதியாக இருக்கிறது. பறித்த பணம் நேராக அவன் கைக்குப் போவதில்லை. இடையில் யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு யாருடையது? "அக்கவுண்டைக் கொடு மச்சி, மாசம் அஞ்சாயிரம் தர்றேன், நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்ற பேச்சுக்குத் தலையாட்டிய மாணவனுடையது. பிடிபடும்போது பெயர், போட்டோ, கையெழுத்து எல்லாம் அவனுடையது. கணக்கு முடங்கும், பெயரே கேள்விப்படாத ஊரில் இருந்து போலீஸ் வரும். சிம் கார்டைக் கொடுத்தாலும் அதே கதி.

டேட்டா என்ட்ரி வேலை, தாய்லாந்து, கை நிறையச் சம்பளம் என்று நம்பிப் போனவர்களை மியான்மரின் மியாவாடியில் அடைத்து வைத்து மோசடி வேலை செய்ய வைத்தார்கள். 2022 அக்டோபரில் அங்கிருந்து மீண்டு சென்னை வந்து இறங்கிய 13 பேரும் தமிழ்நாட்டு இளைஞர்கள். போனில் ஏமாற்றுகிறவனும் சில நேரம் போனில் ஏமாந்தவன்தான்.

நஷ்டம் யாருக்கு?

கடைசியாக ஒன்று. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளர் தன் ரகசிய எண்ணைப் பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரையிலான நஷ்டம் அவருடையது என்றது. பிரிட்டனிலோ 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு பணம் அனுப்பியவருக்கு 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். பணம் போன வங்கியும் வந்து சேர்ந்த வங்கியும் பாதிப் பாதி. திருடன் கணக்குத் திறந்தது ஒரு வங்கியில், கூப்பிட்டது ஒரு கம்பெனியின் சிம்மில். நஷ்டத்தில் அவர்களுக்கும் பங்கு வந்தால்தான் கண் திறக்கும். பூம்பாறை விவசாயியின் பூண்டுப் பணம் போனால் அவருக்கு மட்டும் வலிக்கிற வரைக்கும் காலர் டியூனில் அறிவுரைதான் வரும்.

அந்த நாள் வரும் வரை சாமானியன் கையில் இருப்பது ஒரே ஒரு சிவப்புப் பட்டன். அதை அழுத்த யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.