அலைக்குளமும் ஊர்க்குளமும்

அம்மாவுக்கு வயது அறுபத்து நான்கு. எங்கள் ஊர்க்குளத்தின் படிக்கட்டில் அவர் இதுவரை ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. கடந்த கோடை விடுமுறையில், சென்னைக்கு வெளியே உள்ள ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் அலைக்குளத்து ஓரத்தில் நின்றுகொண்டு அவர் என்னிடம் கேட்டார்:

"ஏம்பா, இதுல எல்லாரும்தான் எறங்குறாங்களா?"

"எல்லாரும்தாம்மா."

"நாம எறங்குனா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

"டிக்கெட் வாங்கியிருக்கோம்மா, யார் என்ன சொல்ல முடியும்?" என்றேன். சட்டென்று வாயில் வந்த பதில் அது. அந்தப் பதில்தான் இத்தனை நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

நாங்கள் போனது ஐந்து பேர். நான், மனைவி, எட்டு வயது மகள், ஐந்து வயது மகன், அம்மா. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் போய்வந்துவிட்டார்கள் என்று மகள் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து பேருக்கும் நுழைவுச்சீட்டு மட்டும் ஆறாயிரம் ரூபாயைத் தாண்டியது. அம்மா விடியற்காலையில் எழுந்து கிளறிய புளிசோற்றை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று வாசலில் சொல்லிவிட்டார்கள். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காலை பத்து மணிக்கே அதைத் தின்று தீர்த்துவிட்டுத்தான் உள்ளே போனோம்.

உள்ளே ஒவ்வொரு ராட்டினத்துக்கு முன்னாலும் ஓர் அளவுகோல் நிற்கிறது. அந்த உயரத்துக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்றமாட்டார்கள். என் மகன் நான்கு இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டு அழுதான். "அடுத்த வருசம் வளந்துடுவ, அப்ப ஏத்துவாங்க" என்று அவனைத் தேற்ற முடிந்தது. வளர்ந்தால் நீங்கிவிடும் தடை அது. அப்படி நீங்காத தடையைத்தான் என் பத்து வயதில் ஊர்க்குளத்தில் பார்த்தேன். நானும் இன்னொரு பையனும் வெயில் தாங்காமல் இறங்கிவிட்டோம். கரையில் வைத்திருந்த எங்கள் சட்டைகள் முள்வேலியில் வீசப்பட்டன. மறுநாள் என் தாத்தா ஊர்த்தெருவுக்குப் போய், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சின்னப் புள்ளைங்க, தெரியாம செஞ்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். தெரியாமல் செய்யவில்லை என்பது எனக்கும் தெரியும், தாத்தாவுக்கும் தெரியும்.

அந்தத் தாத்தாவின் மகள்தான் இப்போது வாடகைக்கு எடுத்த நைலான் சட்டையும் கால்சட்டையும் அணிந்து அலைக்குளத்து ஓரத்தில் நின்றார். சேலையோடு இறங்கக் கூடாது என்பது அங்கே விதி. கூச்சம் ஒருபக்கம், பயம் ஒருபக்கம். பேத்தி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "வா ஆயா, சங்கு ஊதுனா அலை வரும்!" அம்மா இறங்கினார். முதல் அலையில் தடுமாறி, இரண்டாவது அலையில் பேத்தியைக் கட்டிக்கொண்டு, மூன்றாவது அலையில் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சுற்றிலும் நூற்றுக்கணக்கானவர்கள். யார் உடம்பில் பட்ட தண்ணீர் யார் மேல் தெறிக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன்.

மதியம் உணவகத்தில், பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். அவர்கள் வீட்டுப் பெண்குழந்தைக்கும் என் மகளுக்கும் ஒரே வயது. இரண்டும் ஒரே தட்டில் உருளைக்கிழங்கு வறுவல் தின்று சிநேகிதமாகிவிட்டன. அந்தப் பெண்ணின் அப்பா பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர் என்றார். விழுப்புரம் பக்கம் என்றேன். அவருக்கும் அந்தப் பக்கம்தான். எந்தக் கிராமம் என்றார், சொன்னேன். "அங்க எந்தத் தெருங்க?" என்றார்.

நம்மில் பலருக்கு இந்த வரிசை மனப்பாடம். ஊர், பிறகு தெரு, அதிலும் பிடிபடாவிட்டால் குலதெய்வம். சுற்றி வளைத்து ஒன்றைத்தான் கேட்கிறார்கள். இருபது வருடமாகச் சென்னையில் இந்தக் கேள்விக்கு மழுப்பலான பதில்களைச் சொல்லிப் பழகியவன் நான். அன்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். "காலனிங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை, எழுந்து போகவுமில்லை. "ஓ, சரி சரி" என்றார். கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். இரண்டு நிமிடத்தில், "வாம்மா, அந்த ரைடுக்கு வரிசை கூடிடும்" என்று மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பாதி வறுவல் தட்டில் கிடந்தது. மாலைவரை இரண்டு மூன்று முறை எதிரே வந்தார்கள். என் மகள் கையசைத்தாள். அந்தப் பிள்ளை கையைத் தூக்கி, பிறகு அப்பாவைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டது.

"அவ ஏம்ப்பா எங்கூட பேசல?" என்று மகள் கேட்டாள்.

1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்தில் இப்படி ஒரு குழந்தை வருகிறாள். தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யப்படும் பொழுதுபோக்குப் பூங்காவுக்குத் தான் ஏன் போகமுடியாது என்று கேட்கும் தன் ஆறு வயது மகளுக்கு விளக்கம் சொல்ல நா எழாமல் தவிப்பதை அவர் எழுதியிருப்பார். பேருந்து, வாக்குரிமை, காவல்துறை வன்முறை என்று எத்தனையோ பெரிய பிரச்சினைகள் இருக்க, ராட்டினத்துக்குப் போகமுடியாத ஒரு குழந்தையின் கண்ணீரை அவர் அந்தப் பட்டியலில் சேர்த்தார். அதே 1963இல் பால்டிமோர் நகருக்கு அருகிலிருந்த குவின் ஓக் பூங்காவில் கறுப்பினத்தவரை அனுமதிக்கக் கோரி நடந்த போராட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். ஆகஸ்ட் 28ஆம் நாள், வாஷிங்டனில் கிங் தன் புகழ்பெற்ற உரையை ஆற்றிய அதே நாளில், அந்தப் பூங்காவின் கதவு திறந்தது. பதினோரு மாதக் கறுப்பினக் குழந்தை ஒன்று அங்கே குதிரை ராட்டினத்தில் ஏறியது. விளையாட்டும் உரிமைதான் என்று அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது.

நமக்கும் தெரிந்திருந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக யாருக்கும் தடை இருக்கக் கூடாத இடங்களாகக் கடைகளும் உணவகங்களும் தங்கும் விடுதிகளும் மட்டும் சொல்லப்படவில்லை. பொதுப் பொழுதுபோக்கு இடங்களும் சொல்லப்பட்டிருக்கின்றன. அடுத்ததாக, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் அல்லது பொதுமக்களுக்கென விடப்பட்ட கிணறு, குளம், படித்துறை, சாலை. ராட்டினமும் குளமும் ஒரே பிரிவில்தான் இருக்கின்றன. ஒன்று எனக்குக் கிடைத்துவிட்டது. இன்னொன்று?

சட்டம் இல்லாமல் இல்லை. 1923இல் பம்பாய் சட்டமன்றம் பொது நீர்நிலைகளை எல்லோருக்கும் திறந்துவிடத் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் அதை ஏற்றுக்கொண்டது. இருந்தும் 1927 மார்ச் 20இல் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய்ச் சவதார் குளத்தின் நீரை அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. அதன்பிறகும் வழக்கு நடந்தது. உயர்நீதிமன்றத்தில் தீர்ப்பு வர 1937 ஆனது. இங்கே 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலை, கிணறு, குளங்களை எல்லோருக்கும் உரியதாக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். நூறு வருடம் ஆகிவிட்டது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் குடியிருப்புக்கான குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்ததை நாடே பார்த்தது.

எங்கள் ஊர்க்குளத்தைச் சில வருடங்களுக்கு முன் அரசுப் பணத்தில் தூர்வாரினார்கள். சுற்றிலும் நடைபாதை, சிமெண்டு இருக்கைகள், செலவுத் தொகையோடு ஒரு கல்வெட்டு. இப்போது யாரும் யாரையும் விரட்டுவதில்லை. காலனியிலிருந்து யாரும் போவதும் இல்லை. "இப்பல்லாம் அப்படி எதுவும் இல்லங்க" என்று ஊர்க்காரர்கள் சொல்வது ஒருவகையில் உண்மைதான். யாரும் இறங்காத வரைக்கும் தடுக்க வேண்டிய தேவை வருவதில்லை.

அப்படியென்றால் அலைக்குளத்தில் எனக்குக் கிடைத்தது என்ன? அதைச் சமத்துவம் என்று சொல்லத் தயங்குகிறேன். அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது, அவ்வளவுதான். சாதி தெரியாத வரைக்கும் ஒரே தட்டில் வறுவல் தின்னலாம். தெரிந்த பிறகு இரண்டு நிமிடம் தாங்கவில்லை. நான் அங்கே ஆறாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது சமத்துவத்தை அல்ல, யாருக்கும் தெரியாதவனாக இருக்கும் ஒரு பகல்பொழுதை.

அந்தப் பொழுதையும் எல்லோராலும் வாங்க முடியாது. உடைமாற்றும் அறையில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் என் அம்மா பேச்சுக் கொடுத்திருக்கிறார். "எந்த ஊரும்மா?" என்று என் அம்மாவும்தான் கேட்டிருக்கிறார். ஆனால் அந்தக் கேள்வி பக்கத்தில் போய் உட்காருவதற்கானது. அவரும் காலனிதான். ஒப்பந்த வேலை. அவர் பேரப்பிள்ளைகள் பூங்காவை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறார்களாம். "பாவம், தெனம் இந்தத் தண்ணியிலதான் நிக்குது. ஒருநாளும் குளிச்சதில்லையாம்" என்று திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டே வந்தார்.

பொது நீர்நிலையில் சமமாக இறங்க விடுவதைவிட அதை மூடிவிடுவதே மேல் என்று நினைப்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜாக்சன் நகரம், கறுப்பினத்தவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டிய நிலை வந்ததும் நகராட்சி நீச்சல்குளங்களையே மூடியது. 1971இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. வசதி படைத்தவர்கள் தனியார் குளங்களுக்குப் போனார்கள். நம் ஊரில் அவ்வளவு சிரமம்கூடப் படுவதில்லை. குளம் திறந்தே கிடக்கிறது. கொஞ்சம் சம்பாதித்த நாம் டிக்கெட் குளத்துக்குப் போய்விடுகிறோம். ஊர்க்குளத்தைப் பற்றிக் கேட்பதை விட்டுவிடுகிறோம். நானும் அப்படி விட்டவன்தான். அம்மாவுக்கு நான் சொன்ன பதில் உறுத்துவது அதனால்தான். "டிக்கெட் வாங்கியிருக்கோம்" என்று சொன்னவன், "இது நம்ம உரிமைம்மா" என்று சொல்லவில்லை.

தோழர்கள் சிலர் கேட்கக்கூடும்: ஆணவக் கொலையும் மலக்குழி மரணமும் நடக்கும் நாட்டில் ராட்டினத்தைப் பற்றி ஒரு கட்டுரையா? துன்பத்தை மட்டுமே பேசிப் பேசி, மகிழ்ச்சி நமக்கு உரியதல்ல என்று நாமே நம்பத் தொடங்கிவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. சாதி நம்மிடமிருந்து நிலத்தையும் கல்வியையும் பறித்ததுபோலவே விளையாட்டையும் பறித்தது. அறுபத்து நான்கு வயதுவரை ஒரு பெண்ணைக் கழுத்தளவு தண்ணீரில் நின்று சிரிக்கவிடாமல் வைத்திருந்ததும் வன்கொடுமைதான்.

ஆகவே நம் கோரிக்கைப் பட்டியலில் இதையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வட்டத்திலும் டிக்கெட் விலை தடுக்காத பொது நீச்சல்குளமும் சிறுவர் பூங்காவும் வேண்டும். அவை ஊர்த்தெருவுக்குள் போய் ஒளிந்துகொள்ளாமல், காலனிப் பிள்ளைகள் நடந்துபோகும் இடத்தில் இருக்க வேண்டும். ஆறு, குளம், கிணறு, படித்துறையைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. அரசுப் பணம் செலவான ஒவ்வொரு ஊர்க்குளத்திலும் யார் இறங்குகிறார்கள், யார் இறங்குவதில்லை என்று மாவட்ட நிர்வாகம் நேரில் போய்ப் பார்க்கட்டும். நிர்வாகம் போகாவிட்டால் நாம் போவோம்.

மகளின் கேள்விக்கு அன்று மாலையே பதில் சொன்னேன். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை என்றும், பெரியவர்கள் சிலருக்கு ஒரு நோய் இருக்கிறது, அதற்குச் சாதி என்று பெயர் என்றும், அதில் நம் தப்பு எதுவும் இல்லை என்றும் சொன்னேன். எட்டு வயதில் சொல்ல வேண்டிய செய்தியா என்று மனைவி வருத்தப்பட்டார். வேறொருவர் வாயால் முதலில் கேட்பதைவிட என் வாயால் கேட்பது நல்லது என்று நினைத்தேன்.

பேருந்தில் வரும்போது பாதித் தூக்கத்தில் அவள் கேட்டாள்: "ஆயா ஊர்லயும் பெரிய குளம் இருக்குல்ல? அங்க டிக்கெட் இல்லதான? பொங்கலுக்குப் போறப்ப எறங்கலாமா?"

அம்மா என்னைப் பார்த்தார். இந்த முறை நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

"எறங்கலாம். நானும் வர்றேன்."