மணிக்குப் போட்ட ஊசி

வளர்த்த நாய்க்கு ஊசி போட்டு அனுப்பிவைத்தேன் என்று சொன்னால், எங்கள் ஊர்ப்பக்கம் “உம்ம கையாலேயே கொன்னுட்டீரே” என்பார்கள். எனக்கும் ஒருகாலத்தில் அப்படித்தான் தோன்றியது.

மணி சிப்பிப்பாறை நாய். ஒடுங்கிய வயிறு, சாட்டை போல வால். அப்பா காலத்தில் கரிசல் காட்டில் இந்த ஜாதியை வைத்து முயல் பிடிப்பார்கள். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுகிற நாய். 1972இல் வந்த வனவிலங்குச் சட்டம் இறுக இறுக அதெல்லாம் நின்றது, வெளிப்படையாகவாவது. மணி முயலே பிடித்ததில்லை. அறுவடை முடிந்த காட்டில் சும்மா ஓடும். நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்காகவே சாயங்காலம் சீக்கிரம் வீடு திரும்பியிருக்கிறேன்.

பதினோரு வயதில் சிறுநீரகம் போயிற்று. ஓயாமல் தண்ணீர் குடித்தது. பிறகு சோற்றை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இனித் தேறாது என்று கால்நடை மருத்துவர் அன்றே சொன்னார். நான் கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினேன். கடைசி மூன்று நாள் படுத்த இடத்திலேயே மூத்திரம் போய், என்னைப் பார்த்துக் கூசியது. அந்தப் பன்னிரண்டு நாளும் மணிக்காக அல்ல, எனக்காக.

மருத்துவர் கைவிரித்து, நாயும் தீனியை விட்டு எழ முடியாமல் கிடந்தால், தள்ளிப்போடக் கூடாது என்பேன். கயிற்றைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்கிறார்களே, அதையும் ஒப்ப மாட்டேன். முதலில் மயக்க மருந்து, பிறகுதான் மற்றது. தலை என் மடியில் இருந்தது. வீட்டுக்காரி காதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.